அக்கா ஒரு தடவைதான் கேட்டாள்

பெட்டி படுக்கையறை நடுவே வாயைப் பிளந்தபடி கிடந்தது. ஆர்டிஸ் டொலஃப்சன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தடித்த கம்பளிச் சட்டையை உள்ளே வைத்தாள், எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் போடும் நல்ல பாவாடையை வைத்தாள், அதையும் எடுத்தாள். நியூயார்க் புறப்பட இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. இப்போதே அடுக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

"ஆர்டிஸ்! கொஞ்சம் இங்க வா!"

கீழே சமையலறையிலிருந்து கணவன் வெர்லின் குரல் கொடுத்தான். நியூயார்க் வரைபடத்தை மேசை முழுக்க விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலைக்குக் காபிக் கோப்பையும் இன்னொரு மூலைக்கு டிராக்டரிலிருந்து கழற்றிய ஏதோ ஒரு இரும்புத் துண்டும் வைத்திருந்தான். அறுவடை முடிந்துவிட்டது. சோயாவும் போயாயிற்று, சோளமும் போயாயிற்று. கை சும்மா இருந்தால் அவனுக்கு வரைபடம் பார்ப்பதுதான் வேலை.

"இந்த ஊர்ல வண்டி நிறுத்தற எடம் ஒண்ணுகூடப் போடல பாரு."

"நாம விமானத்துல போறோம், வெர்லின். வண்டி எதுக்கு?"

"எனக்கில்ல. பொதுவாக் கேக்கறேன். அங்க இருக்கறவங்க எங்கதான் நிறுத்துவாங்க?"

"கொரின் வண்டியே வச்சுக்கல. பாதிப் பேரு வச்சுக்கறதில்லையாம்."

கெட்ட செய்தி கேட்டவனைப் போல வெர்லின் தலையை ஆட்டினான். "பாவம்," என்றான். பிறகு சிவப்புப் பென்சிலால் தட்டிக் காட்டினான். "நம்ம ஹோட்டல் இங்க. உங்கக்கா வீடு இங்க. நடுவுல ஒரு ஆறு. பூமிக்கு அடியில ரயிலாம், ஆத்துக்கும் அடியில போகுதாம். தண்ணி உள்ள வராதா?"

ஹோட்டலைச் சுற்றி அவன் போட்டிருந்த சிவப்பு வட்டத்தை ஆர்டிஸ் பார்த்தாள்.

"கோவமா?" என்றான்.

"இல்ல."

"சரி," என்று அவன் மறுபடி குனிந்துகொண்டான்.

அவர்கள் ஊரான டெல்வினில் ஒரு பெண் 'இல்லை' என்றால், இன்னொரு முறை கேட்பது கணவன் வேலை. வெர்லின் அந்த வேலையிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டான்.

ஹோட்டல். அந்த ஒரு சொல்தான் ஆர்டிஸை வீட்டுக்குள் மாடிக்கும் கீழுக்குமாக விரட்டிக்கொண்டிருந்தது.

கொரின் அவளுடைய ஒரே அக்கா. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், காற்றும் சோளமும் தவிர வேறெதுவும் இல்லாத இந்த டெல்வினை விட்டு இருபது வயதில் கிளம்பிப் போனவள். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் ஒரு நீதிமன்றத்தில் வேலை. சாட்சி, வக்கீல், நீதிபதி யார் வாயைத் திறந்தாலும் அதைச் சொல்லுக்குச் சொல் தட்டெழுதி எடுக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியாக ஊருக்கு வந்தது அம்மாவின் அடக்கத்துக்கு. அன்றைக்கே வாடகைக் காரில் திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை, பிறந்தநாளுக்கு ஒரு போன்.

ஆர்டிஸ் பள்ளிச் சமையலறையிலிருந்து போன வசந்தத்தில் ஓய்வு பெற்றாள். இனி என்ன செய்யப் போகிறாய் என்று ஆளாளுக்குக் கேட்டபோது, அவளுக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது: "கொரின் எப்படி இருக்கான்னு போய்ப் பாக்கணும்." வானளாவிய கட்டடங்களையோ, கடலில் நிற்கும் சிலையையோ அவள் சொல்லவில்லை. அக்கா எந்த ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடிக்கிறாள், படுக்கப் போகும் முன் எந்த விளக்கை அணைக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஒரு தங்கைக்கு இதுகூடத் தெரியாமலா என்று மனசு குத்தியது.

செப்டம்பரில் போன் செய்தாள்.

"நவம்பர் மொத வாரம் வரலாம்னு இருக்கோம், கொரின்."

"எங்க? இங்கயா? நீயா?"

"ஏன், நான் வரக்கூடாதா?"

"யாருடி வேணாம்னா? வாங்க. என் வீட்லயே தங்கிக்குங்க. சின்ன அறை ஒண்ணு இருக்கு."

ஆர்டிஸுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆனால் வாய் வழக்கப்படி வேலை செய்தது. "ஐயையோ, அதெல்லாம் வேணாம். உனக்கு எதுக்குச் சிரமம்? நாங்க ஏதாவது ஹோட்டல் பாத்துக்கறோம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இப்போது கொரின், "என்னடி சிரமம், கூடப்பொறந்தவ வந்தா சிரமமா?" என்று கேட்க வேண்டும். ஆர்டிஸ், "இல்ல கொரின், வெர்லின் வேற குறட்டை விடுவான்," என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை கொரின் கொஞ்சம் கோபமாகவே கூப்பிட வேண்டும். அப்போது, "சரி, உனக்குத் தொந்தரவு இல்லன்னா..." என்று ஒத்துக்கொள்ளலாம். டெல்வினில் ஒரு கோப்பைக் காபிகூட இந்த மூன்று படி ஏறாமல் யார் தொண்டையிலும் இறங்கியதில்லை. கொரினும் இதே தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தானே.

"சரி," என்றாள் கொரின். "உங்க வசதி. நல்ல காலணியா எடுத்துட்டு வா. இங்க நிறைய நடக்கணும்."

போன் வைத்த பிறகும் ஆர்டிஸ் அங்கேயே நின்றிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் போன் செய்தபோதெல்லாம் அக்காவுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள்.

"ஹோட்டல்ல படுத்தா ராத்திரி பூரா சத்தமாம். தூக்கமே வராதாம்."

"காதுல வைக்கறதுக்குப் பஞ்சு விக்கறாங்க. வாங்கிக்கோ."

"வெர்லினுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது, பாவம்."

"ஹோட்டல் பக்கத்துல நல்ல சூப் கடை இருக்கு. பேரு அனுப்பறேன்."

அனுப்பியும் வைத்தாள். தெருப் பெயரோடு.

"உன் வீட்டுக்கும் எங்க ஹோட்டலுக்கும் ரொம்ப தூரம் போல."

"ஒரு ரயில்தான். கஷ்டமே இல்ல."

இதற்கு மேல் எந்தக் கதவைத் திறப்பது? அக்காவுக்குத் தன்னை வீட்டில் வைத்துக்கொள்ள இஷ்டமில்லை. முதல் தடவை கேட்டது வெறும் மரியாதைக்கு. இந்த முடிவுக்கு ஆர்டிஸ் தினமும் ஒரு முறை வந்தாள். வந்த வேகத்திலேயே, "சே, அப்படி இருக்காது," என்று திரும்பிப் போனாள். இந்தப் போக்குவரத்திலேயே அக்டோபர் முழுதும் கழிந்தது.

புதன்கிழமை தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் வேலை இருந்தது. சனிக்கிழமை விருந்துக்கு இறைச்சி உருண்டை உருட்ட வேண்டும். நீள மேசையைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். ஆர்டிஸின் பக்கத்தில் லோர்னா வாஸ்கே. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து சிநேகிதி.

"ஏண்டி," என்றாள் லோர்னா, ஆர்டிஸ் உருட்டிய ஒன்றை எடுத்து மேசையில் தட்டிக் காட்டி. "இது திங்கறதுக்கா, இல்ல சுவத்துல அடிச்சு விளையாடறதுக்கா? இப்படி இறுக்கினா சனிக்கிழம நாலு பேருக்குப் பல்லு போயிரும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தாள், மறுபடி நின்றாள், மறுபடி கழுவப் போனாள்.

காபி நேரம் வந்தது. தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டுகள். கடைசித் துண்டை யாரும் எடுக்கக் கூடாது என்பதால் ஒருத்தி அதைப் பாதியாக வெட்டிப் பாதியை எடுத்தாள். அடுத்தவள் மிச்சத்தில் பாதியை வெட்டினாள். கடைசியில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு தட்டில் உட்கார்ந்திருக்க, அதை அறுக்கலாமா என்று இன்னொருத்தி கத்தியோடு யோசித்துக்கொண்டிருந்தாள்.

லோர்னாவின் மருமகள் யெசேனியா கையை நீட்டி அந்தத் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "என்னால பாக்க முடியல, மன்னிச்சிருங்க," என்றாள்.

யெசேனியா நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். லோர்னாவின் மகன் ராணுவத்தில் இருந்தபோது பழகிக் கட்டிக்கொண்டு வந்தவள். இங்கு வந்து மூன்று குளிர்காலம் பார்த்துவிட்டாள். ஆர்டிஸுக்கு ஹோட்டல் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

"பெட்டி அடுக்கியாச்சா, ஆர்டிஸ்? உங்க அக்காவைப் பாக்கறதுக்கு எவ்ளோ ஆசையா இருக்கும்!"

"அவளுக்கு ஆசை இருக்கணுமே," என்று ஆர்டிஸ் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

லோர்னா காபியைக் கீழே வைத்தாள். "என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"என்னடி?"

"ஒண்ணுமில்லடி, விடு."

"இப்ப சொல்றியா இல்லியா?"

மூன்று முறை ஆயிற்று. ஆர்டிஸ் சொன்னாள். போனில் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, சூப் கடை உட்பட. லோர்னா இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவதான் கேட்டாளா? கூடப்பொறந்தவளையா? அடிப்பாவி! போஸ்ட் மாஸ்டரக்கூட நான் ரெண்டு தடவ கூப்பிடுவேனே!"

யெசேனியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருங்க, இருங்க. அவங்க தங்கச் சொன்னாங்க. நீங்க வேணாம்னீங்க. அப்புறம் என்ன பிரச்சினை?"

"நான் வேணாம்னு சொல்லலையே," என்றாள் ஆர்டிஸ்.

"இப்பதான் நீங்களே சொன்னீங்க, வேணாம்னு சொன்னேன்னு."

"சொன்னேன். ஆனா அது வேணாம்னு இல்ல."

யெசேனியா கண்ணை மூடித் திறந்தாள். "கல்யாணமான புதுசுல என் மாமியார் கை எலும்பு முறிஞ்சு கெடந்தாங்க, ஞாபகம் இருக்கா? பாத்திரம் நான் கழுவட்டுமான்னு கேட்டேன். வேணாம்மா, நீ உக்காருன்னாங்க. நானும் போய் உக்காந்து டிவி பாத்தேன். அடுத்த வாரம் ஊர் பூரா என்ன பேச்சு? லோர்னாவுக்கு வாச்ச மருமக கல்லு மாதிரின்னு!"

"நான் அப்படிச் சொல்லலம்மா," என்றாள் லோர்னா அவசரமாக.

"நீங்க சொல்லல. நீங்க பெருமூச்சு விட்டீங்க. மத்தத ஊரே பாத்துக்கிச்சு." யெசேனியா சிரித்தாள், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. "ஆர்டிஸ், எங்க ஊர்ல கேட்டா, கேட்டதுதான். வேணாம்னா, வேணாம்தான். உங்க அக்கா அங்க நாப்பது வருசத்துக்கு மேல இருக்காங்க. அவங்க எங்க ஆளு இப்ப."

"அவ இங்க பொறந்தவ," என்றாள் லோர்னா. "இதெல்லாம் மறக்குமா? பேச்சு மறந்தாலும் மறக்கும், இது மறக்காது."

ஆர்டிஸ் இருவர் சொன்னதையும் கேட்டாள். மறந்திருந்தால் அக்கா தன்னை வேண்டாம் என்று நினைக்கவில்லை. மறக்கவில்லை என்றால், தெரிந்தே இரண்டாம் தடவை கேட்காமல் விட்டிருக்கிறாள். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"கேட்டுருங்க," என்றாள் யெசேனியா, தோளைக் குலுக்கி.

கூடத்தில் ஒரு கணம் எல்லாக் கையும் நின்றது. கத்தி வைத்திருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னன்னு கேக்கறது?" என்றாள் ஆர்டிஸ். "நான் உன் வீட்ல வந்து தங்கட்டுமான்னா?"

"ஆமா."

"அப்படிக் கேக்கறதுக்கு நான் தெருவுல துணியில்லாம நடந்துட்டுப் போவேன்," என்றாள் லோர்னா.

வீட்டுக்கு வந்து வெர்லினிடம் சொன்னபோது அவனும் அதையேதான் சொன்னான், துணி விஷயம் தவிர.

"வேணவே வேணாம். உன்னைக் கூப்பிட இஷ்டமில்லாதவ வீட்ல போயி ஒட்டிக்கறதா? ஹோட்டல்ல நமக்கு என்ன கொறச்சல்? மெத்தை இருக்கும். சோப்பு குடுப்பாங்க."

"மெத்தைக்காகவா நான் போறேன்?"

"அவ ஒரு தடவ கூப்பிட்டா. நீ வேணாம்னே. அவ சரின்னா. முடிஞ்சு போச்சு. இதுக்கு மேல நீ போய்க் கேட்டா அவளால முடியாதுன்னு சொல்ல முடியாது. பல்லக் கடிச்சுக்கிட்டு வான்னு சொல்லுவா. அப்புறம் அஞ்சு ராத்திரியும் அந்தப் பல்லக் கடிக்கற சத்தத்தக் கேட்டுக்கிட்டே நாம படுத்திருக்கணும்."

வெர்லின் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசும்போது சில நேரம் சரியாகவும் பேசிவிடுவான். அதனால்தான் ஆர்டிஸுக்கு ஆத்திரம் வந்தது. அவள் துடைத்த மேசையையே துடைத்தாள். வராந்தாவில் போய் நின்றாள். குளிர் தாங்காமல் உள்ளே வந்தாள். இப்படியே நியூயார்க் போய், ஒரு கடையில் அக்காவோடு உட்கார்ந்து சூப் குடித்துவிட்டு, கை குலுக்கிவிட்டு, ஹோட்டலுக்குத் திரும்பி, ஊருக்கும் திரும்பினால்? அதற்கப்புறம் இன்னொரு பயணம் இருக்காது. இருவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. மிச்சத்துக்கு வாழ்த்து அட்டைதான்.

மறுநாள் மதியத்துக்குச் சற்று முன் லோர்னாவின் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லோர்னா வீடு வந்தது, போயிற்று. ஆர்டிஸ் நிறுத்தவில்லை. ஊரைத் தாண்டி, ரயில் பாதை ஓரத்துத் தானியக் கிடங்கு வரை போய், அதன் நிழலில் நிறுத்தினாள். சோளம் உலர்த்தும் இயந்திரம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. சருகு காற்றில் பறந்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டியது. நியூயார்க்கில் ஒரு மணி நேரம் கூடுதல், நீதிமன்றத்தில் இது மதிய இடைவேளையாக இருக்கும். போனை எடுத்தாள், மடியில் வைத்தாள், மறுபடி எடுத்து அழைத்தாள்.

"ஆர்டி? என்ன ஆச்சு? வெர்லினுக்கு ஏதாவதா?" கொரின் குரலுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போயிற்று.

"ஒண்ணும் ஆகல. எல்லாரும் நல்லாருக்கோம். இங்க காத்து பயங்கரம். நேத்து ராத்திரி தண்ணி ஒறஞ்சு போச்சு. உங்க பக்கம் எப்படி?"

"ஆர்டி, நான் படிக்கட்டுல உக்காந்து ரொட்டி தின்னுட்டு இருக்கேன். சீக்கிரம் உள்ள போகணும். என்ன விஷயம்னு சொல்லு."

"விஷயம்னு ஒண்ணுமில்ல. அந்த ஹோட்டலு..."

"என்ன ஹோட்டலுக்கு?"

"நல்ல ஹோட்டல்தான். யெசேனியா பாத்துக் குடுத்தது." ஆர்டிஸ் ஸ்டீயரிங்கை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கொரின், நான் அங்க தங்க விரும்பல. உன் வீட்ல தங்கணும்."

மறுமுனையில் நகரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ திட்டினார்கள்.

"நீ வேணாம்னியே," என்றாள் கொரின் கடைசியில்.

"சொன்னேன்."

"தெளிவா சொன்னே. ஹோட்டல் பாத்துக்கறோம்னே."

"நம்ம ஊர்ல அப்படித்தானே சொல்லுவோம்! உனக்குத் தெரியாதா? மறந்துட்டியா?"

"மறக்கல." கொரினின் குரல் தாழ்ந்தது. "நல்லா ஞாபகம் இருக்கு. அதனாலதான் இன்னொரு தடவ கேக்கல."

வெர்லின் சொன்னதுதான் சரி. லோர்னா சொன்னதும் சரி. போனை வைத்துவிடலாமா என்று ஆர்டிஸ் நினைத்தாள்.

"அம்மா அடக்கத்தன்னைக்கு நீ என்னை எத்தன தடவ கேட்டே, ஆர்டி? தங்கு, தங்குன்னு. நான் முடியாதுன்னேன். நெசமாவே முடியலடி. அம்மா படுத்திருந்த அறைக்கு அடுத்த அறையில என்னால தூங்க முடியாது. மூச்சு முட்டுச்சு. நீ விடல. சாப்பாட்டு மேசையில கேட்டே. தேவாலயத்து வாசல்ல எல்லார் முன்னாலயும் கேட்டே. கார் கதவப் புடிச்சுக்கிட்டுக் கேட்டே. நான் வண்டியக் கிளப்பறப்பக்கூட ஜன்னலத் தட்டுனே."

"நீ வழக்கத்துக்குச் சொல்றேன்னு நெனச்சேன்," என்றாள் ஆர்டிஸ். "இன்னும் கொஞ்சம் கேட்டா இருந்துருவேன்னு நெனச்சேன். நீ போனப்புறம், நான் சரியாக் கூப்பிடலையோன்னு..."

"நீ நூறு தடவ கூப்பிட்டிருந்தாலும் என்னால முடிஞ்சிருக்காது. ஊருக்குள்ள எல்லாரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே. விமான நிலையம் வரைக்கும் அழுதுட்டே போனேன். அன்னைக்கு முடிவு பண்ணேன். இனிமே நான் யாரையும் ஒரு தடவைக்கு மேல கேக்க மாட்டேன். ஒருத்தர் வேணாம்னு சொன்னா, அத அப்படியே எடுத்துக்கணும். நான் பாக்கற வேலையும் அதுதானே? சாட்சி இல்லன்னா நான் இல்லன்னுதான் தட்டறேன். அவன் மனசுல ஆமான்னு இருக்குமோன்னு யோசிக்கறது என் வேலை இல்ல."

ஆர்டிஸ் கண்ணாடியில் ஒட்டிய சருகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு தான் நின்றது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்பாகத்தான் பிடித்திருந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கொரின் போய்விட்டாள் என்று மட்டும்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"செப்டம்பர்ல நான் வேணாம்னதும் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"எப்படி இருக்கும்?" கொரின் ரொட்டியை மென்று விழுங்குவது கேட்டது. "ஓய்வு வாங்கினதும் என்னைப் பாக்க வரணும்னு நீ சொன்னத லோர்னா மகன் கம்ப்யூட்டர்ல போட்டிருந்தான். நெசமா வருவேன்னு நம்பல, ஆனாலும் ஒரு கட்டில் வாங்கி வச்சிருந்தேன். ரெண்டு பேர் படுக்கற மாதிரி. நீ வேணாம்னதும் அட்டைப்பெட்டியக்கூடப் பிரிக்கல. நடையில சுவத்துல சாஞ்சு நிக்குது. தினமும் அதுல கால இடிச்சுக்கறேன்."

"திருப்பிக் குடுத்துருக்கலாமே?"

"குடுத்துருக்கலாம்."

"ஏன் குடுக்கல?"

"தெரியல." கொரினின் குரல் பழைய வேகத்துக்கு வந்தது. "கேளு. நான் லீவு போட முடியாது. பெரிய வழக்கு ஒண்ணு நடக்குது. சாயங்காலம்தான் வருவேன். பகல்ல நீங்களே ஊர் சுத்திக்கணும். எனக்குச் சமைக்கத் தெரியாது, அத நீ எதிர்பாக்காதே."

"நான் சமைக்கறேன்."

"என் அடுப்புல ரெண்டு பாத்திரத்துக்கு மேல நிக்காது. இன்னொண்ணு. அம்மா வீட்டைப் பத்தி, அம்மா சாமான் யாருக்குங்கறதைப் பத்தி, அன்னைக்கு நான் ஏன் போனேங்கறதைப் பத்தி இனிப் பேச்சே கூடாது."

முதல் இரண்டும் ஆர்டிஸுக்குச் சரிதான். மூன்றாவதில் நின்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்வதுதான் அவள் பழக்கம். இன்றைக்கு வாய் வேறு மாதிரி வேலை செய்தது.

"சாமானைப் பத்திப் பேசல. ஆனா அம்மாவைப் பத்திப் பேசாம இருக்கறதுக்கு என்னால சத்தியம் பண்ண முடியாது, கொரின். அவளப் பத்தி எனக்குப் பேசறதுக்கு உன்னை விட்டா வேற யாரு இருக்கா?"

ரொட்டி சுற்றிய காகிதத்தைக் கொரின் கசக்குவது கேட்டது.

"உள்ள கூப்பிடறாங்க," என்றாள் கொரின். "சாயங்காலம் பேசறேன்."

போன் அணைந்தது. வா என்றும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தபோது லோர்னாவின் பாத்திரம் வண்டியிலேயே இருந்தது. வெர்லின் அவள் முகத்தைப் பார்த்தான்.

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

அவன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். "என்ன சொன்னா?"

"கட்டில் வாங்கி வச்சிருக்காளாம்."

"வரச் சொன்னாளா?"

"அத இன்னும் சொல்லல."

"கட்டில் வாங்கினவ வரச் சொல்லலியா?" வெர்லின் இதை ஒரு கணக்குப் போல மனதுக்குள் போட்டுப் பார்த்தான். விடை வரவில்லை. கொட்டகைக்குப் போய்விட்டான்.

பகல் நகரவே இல்லை. ஆர்டிஸ் உருளைக்கிழங்கு உரித்தாள். இருவருக்கு வேண்டியதை விட எவ்வளவோ அதிகமாக உரித்துக்கொண்டே போனாள். ஹோட்டலுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லலாமா என்று எண்ணை எடுத்தாள். அக்கா வேண்டாம் என்றுவிட்டால் இரண்டும் போய்விடும் என்று வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வெறும் வயல். அறுத்த தட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. வெளிச்சம் சாயத் தொடங்கியது. வெர்லின் கொட்டகையிலிருந்து வந்து, ஒன்றும் கேட்காமல், போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

போன் அடித்தது. ஆர்டிஸ் ஈரக் கையோடு எடுத்தாள்.

"ஆர்டி, நான் ஒண்ணு சொல்லணும்." கொரினுக்கு மூச்சு வாங்கியது. படி ஏறிக்கொண்டிருந்தாள் போல. "என் வீடு நீ நெனக்கற மாதிரி இருக்காது. நாலாவது மாடி. லிஃப்ட் கெடையாது. அந்தச் சின்ன அறை ஜன்னல் சரியா மூடாது, ராத்திரி பூரா கீழ இருக்கற கடையிலருந்து சத்தம் வரும். வெந்நீர் திடீர்னு நின்னுரும். வெர்லின் உயரத்துக்குக் குளியலறையில நிமிர்ந்து நிக்க முடியாது. ஹோட்டல்ல நல்லா வசதியா இருக்கும். அதையும் யோசிச்சுக்கோ."

அக்கா தன்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாளா, அல்லது இத்தனை வருஷமும் யாரையும் கூட்டிப்போகாத வீட்டை நினைத்துக் கூசுகிறாளா? ஆர்டிஸுக்குத் தெரியவில்லை. 'உனக்கு அவ்வளவு சிரமம்னா வேணாம், கொரின்' என்ற வாக்கியம் முழுதாகத் தயாராகி அவள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து அவள் சொல்லிவந்த வாக்கியம். அதை விழுங்குவதற்கு அவள் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வெர்லின் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "என்ன சொல்றா? வேணாங்கறாளா?"

ஆர்டிஸ் அவனைப் பார்த்துச் சும்மா இரு என்று கையசைத்தாள்.

"நாங்க வர்றோம்," என்றாள் போனில். "உன் வீட்டுக்குத்தான்."

மறுமுனையில் காலடிச் சத்தம் நின்றது.

"அம்மாவைப் பத்திப் பேசுவியா?"

"பேசுவேன்."

"தினமுமா?"

"தெரியாது. நீ நிறுத்துன்னு சொன்னா நிறுத்தறேன். ஒரு தடவ சொன்னாப் போதும்."

கொரின் மூச்சை வெளியே விட்டாள். "அப்ப வெர்லினைத் திருப்புளி எடுத்துட்டு வரச் சொல்லு. என்கிட்ட ஒண்ணுகூட இல்ல. அந்தக் கட்டில எனக்குத் தனியா மாட்டத் தெரியாது."